றெக்சன் விழும் பெட்டிகள்

முப்பத்தெட்டு அடி. ரத்தோட்டையைத் தாண்டி ரிவர்ஸ்டன் பக்கம் ஏறும் பாதையில் பல வருடங்களாக மூடிக் கிடக்கும் ஒரு தேயிலைத் தொழிற்சாலை இருக்கிறது. அதன் மேல்மாடி ஜன்னலுக்கும் கீழே முற்றத்துச் சிமெந்துக்கும் இடையே உள்ள உயரம் அது. இந்த வாரம் திங்கட்கிழமை பிற்பகல், அந்த ஜன்னலை முதுகால் உடைத்துக்கொண்டு விழுவதற்காக மைக்கல் றெக்சன் மேலே நின்றார்.

வயது முப்பத்திநான்கு. தொழில், விழுவது. மாடியிலிருந்து, பாலத்திலிருந்து, ஓடும் லொறியிலிருந்து விழுவார். சிங்களப் படங்களிலும் தொலைக்காட்சி நாடகங்களிலும் நீங்கள் பார்த்திருக்கும் சில முதுகுகள் அவருடையவை. முகம் தெரிந்தால் அந்தக் காட்சியைத் திரும்ப எடுக்க வேண்டும். அதனால் முகம் தெரிந்ததில்லை.

இப்போது எடுக்கப்படும் படம் அவருடைய தொழிலைப் பற்றியதுதான். கதாநாயகன் ஒரு சண்டைக் கலைஞன். மற்ற நடிகர்களுக்காக விழுந்து விழுந்து, கடைசியில் ஒரு தொழிற்சாலை மாடியிலிருந்து விழுந்து செத்துப்போகிறான். கொழும்பிலிருந்து வந்திருக்கும் நட்சத்திர நடிகர் அந்தப் பாத்திரத்தில் நடிக்கிறார். ஆனால் சண்டைக் கலைஞனாக நடிப்பவருக்கும் விழுவதற்கு ஓர் ஆள் வேண்டும்.

"டூப்பா நடிக்கிறவருக்கே நான் டூப்பு," என்றார் றெக்சன். "வீட்டுல சொன்னேன். அவளுக்கு வெளங்கவே இல்ல."

அவள் என்றது ஜெனிஸ்டா, மனைவி. அந்தத் தொழிற்சாலை இருக்கும் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். அவருக்கு விளங்காமலில்லை. சிரிப்பு வரவில்லை, அவ்வளவுதான்.

றெக்சன் பிறந்தது அந்தத் தொழிற்சாலைக்குக் கீழே உள்ள லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். தோட்டத்தில் தொழிற்சாலையை ஸ்டோர் என்பார்கள். அப்பா மைக்கல் அந்த ஸ்டோரில் பெட்டி அடைப்பவராக இருந்தவர். தேயிலைத் தூளைப் பெட்டியில் போட்டு, ஆட்டி, இறுக்கி, மறுபடி போட்டு, விரலால் தட்டிப் பார்ப்பார். டொக் என்று சத்தம் வந்தால் உள்ளே வெற்றிடம் இருக்கிறது. அந்தப் பெட்டி வாசலைத் தாண்டாது. ஸ்டோர் மூடப்பட்ட பிறகும் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை. வீட்டில் சீனி டின்னைக்கூடத் தட்டிப் பார்த்துத்தான் மூடுவார் என்று ஜெனிஸ்டா சொல்கிறார்.

மகனுக்கு ஸ்டோரில் வேலை இருக்கவில்லை. சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் கலேவெலயில் நடந்த கார்னிவலுக்கு நண்பர்களோடு போனவர், வீடு திரும்பவில்லை. மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களோடு சேர்ந்துவிட்டார். வட்டமான பலகைச் சுவரில் படுக்கை வாட்டில் சுற்றும் அந்த வேலை அவருக்கு ஒரு முக்கியமான பழக்கத்தைக் கொடுத்தது. மேலே நிற்கும் கூட்டம் கத்தும். கத்துவதைக் காதில் வாங்கினால் கை ஆடும். ஆகவே அவர் வாங்குவதில்லை. இன்றைக்கும் உயரத்தில் ஏறி நின்றுவிட்டால் கீழே யார் கூப்பிட்டாலும் அவருக்குக் கேட்காது.

அந்தக் கார்னிவலில்தான் துஷாந்த் அவரைக் கண்டார். மாத்தளை நகரத்துக்காரர், சென்னையில் சண்டைக் குழு ஒன்றில் பல வருடம் உதவியாளராக இருந்துவிட்டு வந்து, இங்கே ஸ்டண்ட் மாஸ்டராக இருப்பவர். முதல் நாளே றெக்சனுக்குக் கற்றுக் கொடுத்தது எப்படி விழுவது என்பதை அல்ல. எதில் விழுவது என்பதை.

வெளிநாட்டுக் குழுக்கள் காற்றுப் பை கொண்டுவருகின்றன. இங்கே காட்போட் பெட்டிதான். பிஸ்கட் பெட்டி, பால்மா பெட்டி, சவர்க்காரப் பெட்டி. அவற்றை விரித்து நிறுத்தி, வெறுமையாக, வரிசை வரிசையாக அடுக்குவார்கள். மூடியை ஒட்டக்கூடாது. மூலைகளில் துளை வெட்டியிருக்க வேண்டும். ஆள் விழும்போது பெட்டிகள் ஒவ்வொரு வரிசையாக நசுங்கும், உள்ளே உள்ள காற்று துளைவழியாகப் போகும், அந்த நசுங்கலில் வேகம் தீரும். பெட்டி நசுங்காவிட்டால் ஆள்தான் நசுங்க வேண்டும். தம்புள்ளையில் ஒரு முறை அடி வரிசையில் யாரோ சில பெட்டிகளை டேப் போட்டு ஒட்டிவிட்டார்கள். றெக்சனின் இடது தோள் அன்று கழன்றது. மழைக்காலத்தில் இப்போதும் அந்தக் கையால் தலை வார மாட்டார்.

அதிலிருந்து பெட்டி விஷயம் அவர் கையில்தான். மாத்தளையில் மொத்தக் கடை வைத்திருக்கும் இன்ஷாப் வெறும் பெட்டிகளை அவருக்காக ஒதுக்கி வைப்பார். றெக்சன் கடை வாசலில் தலையைக் காட்டினால் இன்ஷாப் கல்லாவிலிருந்தே, உயிரோடிருக்கிறாயா என்று விசாரிப்பார்.

"வா தம்பி. இன்னமும் ஹயாத்தோட ஈக்கிறியா?"

"ஒங்க பொட்டி இருக்கிற வரைக்கும் இருப்பேன் நானா."

"அப்ப பிஸ்கட் விக்காட்டி நீ மவுத்து. சரி, பின்னால போய் எடு."

மூலைகளில் துளை போடுவது ஜெனிஸ்டா. வீட்டின் உள் அறையில் பெட்டிகளை மடித்து அடுக்கிவைத்து, மாலையில் ஒவ்வொன்றாக எடுத்து வெட்டுவார். அந்த வெட்டு எதற்கென்று அவருக்குத் தெரியும். மைக்கலுக்குத் தெரியாது. மகன் விழுவதை அவர் ஒரு நாளும் பார்க்கப் போனதில்லை. டீவியில் வந்தால் வெளியே எழுந்து போய்விடுவார்.

இந்த முறை படப்பிடிப்பே அவருடைய ஸ்டோருக்கு வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலையில் ஸ்டோர் முற்றத்தில் எடுத்தது சாவு வீட்டுக் காட்சி. விழுவதற்கு முன்னாலேயே அடக்கத்தை எடுத்தார்கள். சினிமாவில் அப்படித்தான், வெளிச்சமும் ஆள் கிடைப்பதும்தான் வரிசையை முடிவு செய்யும். மாத்தளையில் சவ அடக்கம் செய்துகொடுக்கும் ஒரு மலர்ச்சாலையிலிருந்து உண்மையான சவப்பெட்டி வந்தது. லயத்துச் சனம் முழுவதையும் அழுவதற்குக் கூப்பிட்டிருந்தார்கள். எல்லாம் தயாரானபோது நட்சத்திர நடிகர் சவப்பெட்டிக்குள் படுக்க மாட்டேன் என்றுவிட்டார். அவருடைய சாதகத்தில் இது கெட்ட வருடமாம். இயக்குனர் கெஞ்சிப் பார்த்தார். பிறகு றெக்சனைத் திரும்பிப் பார்த்தார்.

முகத்துக்கு மேல் வெள்ளைத் துணி போட்டார்கள். றெக்சன் படுத்துக்கொண்டார்.

இப்போது அந்த முற்றத்தில் ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு நடிகரை அல்ல. தங்கள் கண்முன் வளர்ந்த ஒருவரை. உதவி இயக்குனர் அழச் சொன்னதும் பெண்கள் அழுதார்கள். 'கட்' சொன்ன பிறகும் சிலர் நிறுத்தவில்லை. பக்கத்து வீட்டு மார்ஜரி தேம்பிக்கொண்டே துஷாந்தைக் கேட்டார்: "போதுமாங்க, இன்னும் கொஞ்சம் அழணுமா?"

"போதும்மா. இதுக்கு மேல அழுதா நெசமாவே அடக்கம் பண்ணச் சாமியாரு வந்துருவாரு."

யாரும் சிரிக்கவில்லை. துஷாந்துக்கும் உடனே வேறொன்று ஞாபகம் வந்தது. சென்னையில் அவர் பழகிய குழுக்களில் ஒரு வழக்கம் இருந்தது. செத்தவராக நடித்தவர் எழுந்ததும், கமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்க வேண்டும். அதையும் படம்பிடிப்பார்கள். படத்தில் அது வராது. ஆனால் அந்த ஆளைப் பற்றிக் கமரா கடைசியாகப் பதிவுசெய்தது சாவாக இருக்கக்கூடாது. துஷாந்த் இங்கே வந்த பிறகும் இதை விடாமல் செய்துவருகிறார்; குழுவிலும் எல்லோருக்கும் தெரியும், தோட்டத்துக்கும் றெக்சன் மூலம் தெரியும்.

இயக்குனர் மறுத்துவிட்டார். டூப்பின் முகம் கமராவில் விழக்கூடாது, நடிகரின் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், வெளியே படம் கசிந்தால் வம்பு என்றார். அடுத்த இடத்துக்குக் கமரா போய்விட்டது.

"பரவாயில்ல மாஸ்டர்," என்று றெக்சன் சட்டையிலிருந்த பூவிதழைத் தட்டிவிட்டார். "துணி மூடியிருந்திச்சே. நான்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற மைக்கல் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மகன் சவப்பெட்டியிலிருந்து எழும்பிவந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று மார்ஜரி சொல்கிறார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. யாரும் எதையும் கெடுக்க நினைக்கவில்லை.

றெக்சனையும் துஷாந்தையும் மேல்மாடிக்குக் கூப்பிட்டார்கள். ஜன்னல் கண்ணாடி எங்கே உடைய வேண்டும், கால் எங்கே இருக்க வேண்டும் என்று கமரா ஆட்கள் அளந்துகொண்டிருந்தார்கள். வழக்கமாக அந்த நேரத்தில் றெக்சன் கீழே பெட்டி அடுக்கிக்கொண்டிருப்பார். சாவு வீட்டுக் காட்சியால் நேரம் போயிருந்தது. பெட்டி வேலை குழுவிலுள்ள ரொமேஷின் கைக்குப் போனது. ரொமேஷ் எல்லாப் பெட்டிகளையும் விரித்து நிறுத்தியபோதுதான், மேலே மூடும் தார்ப்பாயான படங்கு கீழே ரத்தோட்டையில் வேனிலேயே தங்கிவிட்டது தெரிந்தது. மலை உச்சியில் பனிமூட்டம் இறங்க ஆரம்பித்திருந்தது. பக்கத்தில் நின்ற மைக்கலிடம் சொல்லிவிட்டு ரொமேஷ் ஒரு மோட்டார் சைக்கிளில் கீழே விரைந்தார்.

"அங்கிள், இந்தப் பெட்டியெல்லாம் கொஞ்சம் பாத்துக்கங்க. இதுலதான் றெக்சன் விழணும்."

மைக்கல் ஒரு பெட்டியைத் தட்டினார். டொக் என்றது. இன்னொன்றைத் தட்டினார். அதுவும்.

அவர் என்ன நினைத்தார் என்பதை அவரே பிறகு சொன்னார். கொழும்புக்காரர்களுக்கு அவசரம், வெறும் பெட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். காலையில் சிரிப்பை எடுக்காமல் போனது போல. மகனைச் சவப்பெட்டியில் படுக்க வைத்தவர்கள், இதையும் அரைகுறையாகத்தான் செய்வார்கள்.

தோட்டத்தில் வேலை முடித்து வந்த மூன்று ஆண்களைக் கூப்பிட்டார். ஸ்டோருக்குப் பின்னால் உள்ள மண்மேட்டில் மானாப்புல் ஆள் உயரத்துக்கு நின்றது. அறுத்தார்கள், சாக்கில் கட்டிக் கொண்டுவந்தார்கள். மைக்கல் ஒவ்வொரு பெட்டியிலும் புல்லைத் திணித்து, முழங்காலால் அழுத்தி, மறுபடி திணித்து, மூடியை டேப் போட்டு ஒட்டினார். டேப் கமரா ஆட்களுடையது. ஜெனிஸ்டா வெட்டியிருந்த துளைகளையும் கிழிசல் என்று நினைத்து ஒட்டினார். தட்டிப் பார்த்தார். சத்தம் வரவில்லை. பிறகு தேயிலைப் பெட்டி அடுக்குவது போலவே, நூல் பிடித்த மாதிரி, வரிசை வரிசையாக அடுக்கினார்கள்.

ரொமேஷ் படங்கோடு ஓடிவந்தபோது வேலை முடிந்திருந்தது. இவ்வளவு நேர்த்தியான அடுக்கை அவர் பார்த்ததில்லை. "அங்கிள் மாஸ்டரையே வீட்டுக்கு அனுப்பிருவீங்க போல," என்றார். படங்கை இழுத்து மூடி, நடுவில் இரண்டு மெத்தைகளைப் போட்டார். வழக்கமாக மண் மூட்டை ஒன்றை மேலிருந்து போட்டுப் பார்ப்பார்கள். போட்டால் பெட்டிகள் நசுங்கும். திரும்ப அடுக்க நேரமில்லை. மூட்டம் ஸ்டோரின் கூரையைத் தொட்டிருந்தது. அப்போதுதான் கீழே இறங்கிவந்த துஷாந்த் மேலே பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். இன்றைக்கு மூட்டை வேண்டாம் என்றார்.

ஜெனிஸ்டா சாவு வீட்டுக் காட்சிக்கு வரவில்லை. வர மாட்டேன் என்று முதலே சொல்லிவிட்டு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போயிருந்தார். பின்னேரக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, இடுப்பில் கட்டிய மஞ்சள் பிளாஸ்டிக் தாளைக்கூட அவிழ்க்காமல் ஸ்டோர்ப் பக்கம் வந்தார். பாதையில் மார்ஜரி நின்றார். அவருக்குப் பின்னால் மண்மேடு மொட்டையாக இருந்தது.

"மானாவ யாரு அறுத்தா அக்கா?"

"ஒங்க மாமாதான். றெக்சன் தம்பி விழுற பொட்டிக்கு மெத்த மாதிரி அடைச்சிருக்காரு. பொட்டி ஒவ்வொண்ணும் கல்லு மாதிரி நிக்குது, போய்ப் பாரு. இந்த வயசுலயும் மனுசனுக்குக் கை வேல போகல."

ஜெனிஸ்டா ஓடினார்.

முற்றத்தில் எல்லாம் அடங்கியிருந்தது. படப்பிடிப்பில் உயரத்திலிருந்து விழும் காட்சிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: கீழே யாரும் வாய் திறக்கக்கூடாது. மேலே நிற்பவர் திடுக்கிட்டுத் திரும்பினால் கால் பிசகும். கூப்பிட்டாலும் றெக்சன் காதில் விழாது. மேலே கூட நிற்பவர்கள் பதறி அவர் கையைப் பிடித்து இழுத்தாலும் ஈரமான மாடியில் சறுக்கிவிடும். மாடிப்படி கட்டடத்தின் மறுபக்கம். துஷாந்த் முற்றத்தின் அடுத்த மூலையில், கமராவுக்குப் பக்கத்தில், கையை உயர்த்தி வைத்திருந்தார். அந்தக் கை இறங்கினால் மேலே உள்ளவர் றெக்சனுக்குச் சைகை காட்டுவார், அவர் விழுவார். ஜன்னலில் அவர் தெரிந்தார். விழுவதற்கு முன்னால் ஒரு தடவை கண்ணாடி வழியே குனிந்து கீழே பார்ப்பது அவர் வழக்கம். பார்த்த பிறகு முதுகைத் திருப்பிக்கொள்வார். மறுபடி பார்க்க மாட்டார். அப்போது குனிந்துகொண்டிருந்தார்.

ஜெனிஸ்டா நேரே பெட்டி அடுக்கை நோக்கி ஓடி, ஓரத்தைப் பிடித்து மேலே ஏறினார். ஒருவர் பிடிக்கப் பார்த்தார், பிடிபடவில்லை. மெத்தை இல்லாத இடத்தில், வெறும் படங்கின் மேல், நிமிர்ந்து நின்றார். பிறகு இரண்டு காலாலும் குதித்தார். மறுபடியும் குதித்தார்.

வெறும் பெட்டியில் அப்படி ஏறினால் ஆள் தொடை வரை புதைய வேண்டும். ஜெனிஸ்டா புதையவில்லை. சிமெந்துத் தரையில் நிற்பது போல நின்றார்.

முப்பத்தெட்டு அடிக்கு மேலிருந்து றெக்சனுக்குத் தெரிந்தது மூட்டத்துக்குள் ஒரு மஞ்சள் தாள். அது மேலே போய்க் கீழே வந்தது, ஆனால் அமிழவில்லை. அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஜன்னலை விட்டு விலகினார்.

இயக்குனர் சிங்களத்தில் கத்தினார். ஜெனிஸ்டாவும் சிங்களத்திலேயே, கத்தாமல், பெட்டியைத் திறந்து பாருங்கள் என்றார். அவர் இறங்க மறுத்துவிட்டார். றெக்சன் கீழே வந்து சேரும்வரை அங்கேயே நின்றார்.

றெக்சன் ஓரத்துப் பெட்டி ஒன்றைக் காலால் உதைத்தார். கால்தான் வலித்தது. கத்தியால் கீறினார். பச்சைப் புல் கட்டாக, பெட்டியின் வடிவத்திலேயே, வெளியே சரிந்தது. துஷாந்த் அதைப் பார்த்துவிட்டு நிலத்தில் உட்கார்ந்தார்.

"யாரு செஞ்சது?" என்று றெக்சன் கேட்டார். டேப்பை ஒட்டியிருந்த விதத்தைப் பார்த்ததும் அவருக்கே தெரிந்துவிட்டது. திரும்பினார்.

"வெறும் பொட்டி தம்பி," என்றார் மைக்கல். "உள்ள ஒண்ணுமே இல்ல. எல்லாத்தையும் தட்டிப் பாத்தேன்."

"வெறும் பொட்டியாத்தான்ப்பா இருக்கணும்."

"வெறும் பொட்டியில எப்படிடா ஒன்ன விழ விடுறது?"

"அதுலதான் இவ்வளவு காலமும் விழுந்தேன்."

மைக்கல் மருமகளைப் பார்த்தார். ஜெனிஸ்டா அப்போதுதான் இறங்கினார். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் மாமா," என்றார். பெட்டியிலேயே சாய்ந்து நின்றார்.

மைக்கல் குந்தி உட்கார்ந்து, கீறிய பெட்டியிலிருந்து புல்லை வெளியே இழுக்கத் தொடங்கினார். ஒரு பெட்டி முடிந்ததும் அடுத்தது. ஆனால் பயனில்லை, ஈரப் புல் பட்டு எல்லாப் பெட்டியும் ஊறியிருந்தது. ஊறிய பெட்டி வெறும் ஈரக் காகிதம். அதில் விழுந்தால் முதல் வரிசையிலிருந்து நேரே தரைதான். அன்றைய காட்சி நிறுத்தப்பட்டது.

நிறுத்தப்பட்டது, கைவிடப்படவில்லை. படத்தின் முடிவே அந்த விழுகைதான். நட்சத்திர நடிகர் கொழும்புக்குத் திரும்பிவிட்டார். இதற்கு அவர் தேவையில்லை. செவ்வாய்க்கிழமை துஷாந்தும் றெக்சனும் இன்ஷாப் கடைக்குப் போனார்கள். நடந்ததை இன்ஷாப் முழுவதும் கேட்டுவிட்டு வழக்கமான பகிடியைச் சொல்லவில்லை. தன்னிடம் தேவையானதில் பாதிதான் இருக்கிறது என்று சொல்லி அதைக் கையோடு கொடுத்தனுப்பினார். மீதியைக் கலேவெலயில் தெரிந்த கடைகளில் கேட்டு லொறியில் ஏற்றிவிடுகிறார். லொறி புதன்கிழமை மலைக்கு வரும். ஆகவே பெட்டிகள் ஓர் இரவு அந்தக் குளிரில், கதவில்லாத ஸ்டோருக்குள், இருக்கத்தான் வேண்டும். மூட்டம் உள்ளே வராமலிருக்க ரொமேஷ் வாசலுக்குப் படங்கு கட்டப்போகிறார். மலையில் மூட்டத்தைப் படங்கு எந்த அளவுக்குத் தடுக்கும் என்று தோட்டத்தில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். றெக்சனிடம் கேட்டபோது, "காலையில தொட்டுப் பார்ப்போம்," என்றார்.

இந்த வேலையை விட்டுவிட யோசனை இல்லையா?

"விட்டா வேற ஒருத்தன் விழுவான். அவனுக்குப் பொட்டி யாரு வெட்டுவா?"

செவ்வாய்க்கிழமை மாலை ஜெனிஸ்டா உள் அறையில் இருந்தார். கத்தி காட்போட்டில் இறங்கும் சத்தம் நிற்காமல் கேட்டது. மைக்கல் அவருக்கு எதிரே உட்கார்ந்து பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். எதையும் தட்டவில்லை. மகன் விழுகிற நாளில் வேறெங்காவது போய் இருக்கலாமே, பலாபத்வலயில் மகள் வீடு இருக்கிறதே என்று மார்ஜரி சொல்லிப் பார்த்திருக்கிறார். போக மாட்டாராம். முற்றத்தில்தான் நிற்பாராம்.

இயக்குனரும் மனம் மாறியிருக்கிறார். எடுக்காமல் விட்ட சிரிப்பை எடுத்துக்கொள்ளலாம், விழுவதற்கு முன்னாலேயே எடுக்கலாம் என்று துஷாந்திடம் சொல்லி அனுப்பினார். தோட்டமே அதைத்தான் எதிர்பார்த்தது. றெக்சன் ஒத்துக்கொள்ளவில்லை. மேலே ஏறுகிற நேரத்தில் கமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றால் மனசு வேறெங்கோ போய்விடும் என்கிறார். ஜெனிஸ்டா இதைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்தார், பிறகு எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மைக்கல் றெக்சன் அதே ஜன்னலிலிருந்து விழுகிறார். சிரிப்பை அதற்குப் பிறகு எடுப்பார்கள்.